படம் முடிஞ்ச பிறகுதான் நிகழ்ச்சியே: திரையிடல் கேள்வி பதில்

உணவு, விவசாயம், இயற்கைப் பாதுகாப்பு பற்றின படங்களை ஆட்களைக் கூட்டிப் போட்டுக் காட்டுறதைப் பல வருஷமா செஞ்சிட்டு வர்றேன். சந்தேகம் இருந்தா அனுப்புங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுல ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துப் பதில் எழுதியிருக்கேன்.

கே: அண்ணா, வீட்டுல நெட்ஃபிளிக்ஸ் இருக்கு. அதுல இருக்கிற ஒரு ஆவணப்படத்தை எங்க குழுவுக்குப் போட்டுக் காட்டலாமா? டிக்கெட் எதுவும் இல்ல.

டிக்கெட் இல்லைங்கிறதால மட்டும் அனுமதி வந்துடாது தம்பி. சந்தா, நீங்க வீட்டுல பார்க்குறதுக்கு. டிவிடியும் அப்படித்தான்: தட்டு உங்களுது, பொதுவுல காட்டுற உரிமை உங்களுது இல்ல. நெட்ஃபிளிக்ஸ் தன்னோட சொந்த ஆவணப்படங்கள்ல சிலதுக்கு மட்டும் கல்விக்கான திரையிடலை அனுமதிக்குது. கட்டணமோ நன்கொடையோ வாங்கக் கூடாது, விளம்பரதாரர் கூடாதுன்னு நிபந்தனை உண்டு. மத்த படங்களுக்கு இயக்குநருக்கோ விநியோகஸ்தருக்கோ ஒரு கடிதம் எழுதுங்க. என்ன தேதி, எத்தனை பேர், கட்டணம் உண்டா இல்லையா, இந்த மூணும் அதுல இருக்கணும். பதிலை அச்செடுத்துக் கையில வச்சுக்கங்க.

கே: போன தடவை லேப்டாப்பை புரொஜெக்டர்ல மாட்டினோம். சத்தம் வந்துச்சு, திரை கருப்பாவே இருந்துச்சு. ஏன் சார்?

ஓடிடி-ல இருந்து நேரா போட்டிருப்பீங்க. காப்பி எடுக்கிறதைத் தடுக்க ஒரு பூட்டு வச்சிருக்காங்க, எச்டிசிபின்னு பேர். பழைய புரொஜெக்டர், இடையில மாட்டுற மலிவான கன்வெர்ட்டர் எல்லாம் அதுகிட்ட தோத்துடும். உரிமையாளர்கிட்டயே கோப்பா வாங்கிட்டா இந்தத் தொல்லை இல்ல. எப்படின்னாலும் முதல் நாளே அதே லேப்டாப், அதே கேபிள், அதே புரொஜெக்டரோட ஓட்டிப் பாருங்க. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமா வந்தா, சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 (UTF-8)ங்கிற எழுத்துக்குறி முறையில சேமிச்சுட்டுத் திரும்பப் போடுங்க.

கே: வர்றவங்க நாலு மொழி பேசுறவங்க. பாதிப் பேருக்கு சப்டைட்டில் படிக்க வராது. என்ன படம் போடுறது?

பேச்சே இல்லாத படம். ஆஸ்திரிய இயக்குநர் நிக்கோலஸ் கெய்ர்ஹால்டர் 2005-ல எடுத்த 'அவர் டெய்லி பிரெட்' அப்படி ஒண்ணு. பின்னணிக் குரல் இல்ல, பேட்டி இல்ல, இசையும் இல்ல. பெரிய அளவுல உணவு எப்படி உற்பத்தியாகுதுன்னு கேமரா பெரும்பாலும் அசையாம நின்னு பார்க்குது, அவ்வளவுதான். கால்நடைகளை வெட்டுற காட்சிகள் உண்டு. அதை அழைப்பிதழ்லயே போட்டுடுங்க, குழந்தைகளைக் கூட்டிட்டு வர்றவங்க பாவம்.

கே: "நாம சாப்பிடுற மூணு வாய்ல ஒரு வாய் தேனீயால வந்தது"ன்னு படம் சொல்லுச்சு. ஒரு விவசாயி எழுந்து, "என் கோதுமைக்குத் தேனீ எதுக்கு?"ன்னு கேட்டுட்டார். எனக்குப் பதில் தெரியல.

அவர் கேட்டது நியாயம். நெல், கோதுமை, மக்காச்சோளம் எல்லாம் காத்துலயோ தானாகவோ மகரந்தச்சேர்க்கை ஆகுற பயிர்கள். 2007-ல வந்த ஓர் ஆய்வு உலகத்தோட முக்கிய உணவுப் பயிர்கள் 115-ஐ எடுத்துப் பார்த்துச்சு. அதுல 87 பயிர்கள் தேனீ மாதிரியான உயிரினங்களை ஓரளவாவது நம்பியிருக்கு. ஆனா எடைக் கணக்குல பார்த்தா, அந்தப் பயிர்கள்ல இருந்து வர்றது உலக உற்பத்தியில 35 சதவீதம்தான். அதுவும் முழுசா தேனீ தந்ததுன்னு சொல்ல முடியாது. பூசணிக்குத் தேனீ, கோகோவுக்குச் சின்னக் கொசு மாதிரிப் பூச்சிகள்னு, சிலதுக்குப் பூச்சியை விட்டா வேற வழியே கிடையாது; வேற பல பயிர்கள்ல பூச்சி இல்லேன்னா விளைச்சல் குறையும், நின்னுடாது. "மூணு வாய்ல ஒரு வாய்"ங்கிறது இந்த 35-ஐப் பிடிச்சு இழுத்து நீட்டினது.

இதே மாதிரி இன்னும் ரெண்டு உண்டு. தேனீ அழிஞ்சா நாலு வருஷத்துல மனுஷன் அழிவான்னு ஐன்ஸ்டைன் சொன்னதா ஒரு வரி. அவர் சொன்னதுக்கு ஆதாரமே கிடையாது. மண்ணுல இன்னும் 60 அறுவடைதான் பாக்கின்னு இன்னொண்ணு; அதுக்குப் பின்னால எந்த ஆய்வும் இல்ல. மண் அரிப்பு நிஜம்தான், அந்த 60 தான் பொய்.

நான் எந்தப் படத்தையும் ரெண்டு தடவை பார்ப்பேன். ரெண்டாவது தடவை கையில காகிதம் இருக்கும்: எத்தனாவது நிமிஷம், என்ன எண், யார் சொன்னது. சந்தேகம் வந்ததை நானே கூட்டத்துல முதல்ல சொல்லிடுவேன். அந்த விவசாயி எழுந்து நிக்கிறதுக்கு முன்னாடி நாம எழுந்துட்டா, அடுத்த அரை மணி நேரம் அவர் நம்ம பக்கம் நின்னு பேசுவார்.

கே: படம் முடிஞ்சதும் எல்லாரும் செருப்பைத் தேடுறாங்க. பேச வைக்கிறது எப்படி?

முதல்ல, படம் எவ்வளவு நீளம்? ரெண்டு மணி நேரப் படம் போட்டுட்டுக் கலந்துரையாடல்னா யார் உட்காருவா? நானும் அந்தத் தப்பைப் பண்ணி, கடைசியில நாற்காலி அடுக்குற பையன்கிட்ட மட்டும் பேசியிருக்கேன். இப்பல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுற படத்தைத் தொடுறதே இல்ல. பேச ஆள் கிடைச்ச பிறகுதான் படத்தையே தேர்ந்தெடுக்கிறேன். தேனீ வளர்க்கிறவர் வர்றாரா, அப்போ தேனீப் படம்.

படம் முடிஞ்சதும் பளிச்சுன்னு லைட்டைப் போடாதீங்க. பாதி வெளிச்சத்துல, "பக்கத்துல இருக்கிறவர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்க. எந்த இடத்துல முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க?"ன்னு கேளுங்க. சத்தம் ஏறும் பாருங்க. அந்தச் சத்தம் அடங்குறதுக்குள்ள மைக்கைப் பின்வரிசைக்குக் கொண்டுபோயிடணும். தேனீக்காரர் ஒரு காலி தேனடையைக் கைமாத்தி விட்டாருன்னா, அது மூணாவது வரிசைக்கு வர்றதுக்குள்ள கேள்வி ஆரம்பிச்சிருக்கும்.

கே: திறந்தவெளியில போடலாம்னு அக்கா சொல்றாங்க, எனக்குப் பயமா இருக்கு.

தாராளமா போடலாம்னு அக்காகிட்ட சொல்லுங்க. சூரியன் மறைஞ்சு அரை மணி நேரமாவது ஆகணும், அதுக்கு முன்னாடி எந்த புரொஜெக்டரும் உதவாது. திரையோட கீழ்விளிம்பு உட்கார்ந்திருக்கிறவங்க தலைக்கு மேல இருக்கணும், இல்லேன்னா சப்டைட்டில் போச்சு. உருளையில சுத்தின வயரை முழுசா அவிழ்த்துடுங்க, சுத்தினபடியே விட்டா சூடேறும். படம் மங்கலா இருந்தா பொறுத்துக்குவாங்க, பேச்சு புரியலேன்னா எழுந்து போயிடுவாங்க. அதனால காசு இருந்தா ஸ்பீக்கருக்குப் போடுங்க. வெள்ளைத் துணியில விட்டில் பூச்சி வந்து உட்காரும், விரட்டாதீங்க. படம் முடிஞ்சு விளக்கைத் துணிமேல திருப்பி விட்டா, குழந்தைகள் எண்ண ஆரம்பிச்சிடும்.

கே: படத்தோட விதைப் பரிமாற்றமும் வைக்கலாம்னு இருக்கோம்.

பொட்டலத்துல ரகத்தோட பேர், அறுவடை செஞ்ச மாசம், எங்க விளைஞ்சது, இந்த மூணுல ஒண்ணு இல்லேன்னாலும் மேஜையில வைக்காதீங்க. கலப்பின விதையில இருந்து எடுத்த விதை தாய்ச்செடி மாதிரி வராது, அதைத் தனியா ஒதுக்குங்க. தக்காளி, அவரை பெரும்பாலும் ரகம் மாறாது. பூசணியும் வெள்ளரியும் பக்கத்து ரகத்தோட கலந்துடும், கொடுக்கிறவரை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

கே: சாப்பாடு போடணுமா?

போடுங்க, ஆனா எண்ணிப் போடுங்க. உணவு வீணாகுறது பற்றின படம் ஒண்ணு போட்டேன். 2022-ல மட்டும் உலகத்துல 105 கோடி டன் உணவு வீணாச்சு, அதுல 60 சதவீதம் வீடுகள்லன்னு ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொன்னதையும் மைக்ல படிச்சேன். இறங்கி வந்து பார்த்தா எங்க பாத்திரத்துலயே பாதி மிச்சம். அன்னையில இருந்து பேர் கொடுத்தவங்களுக்கு மட்டும்தான் சமையல்.