மாம்பலம் வரை நீளும் பூச்சரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். தஞ்சாவூரிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. குரோம்பேட்டையில் விடுதி, நுங்கம்பாக்கத்தில் அலுவலகம். நடையும் காத்திருப்பும் மின்சார ரயிலுமாகத் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. அதே நிலையங்கள், அதே முகங்கள், அதே நெரிசல். என் வயதை இந்த ரயில் தின்கிறதே என்று சில நாட்களில் அழுகையே வந்துவிடுகிறது. கைபேசியில் ஏதாவது பாடம் கேட்டு அந்த நேரத்தைப் பயனுள்ளதாக்கிக்கொள் என்கிறார்கள் தோழிகள். நகரத்தின் சிறு இன்பங்களைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். நின்றுகொண்டே போகிறவளுக்கு அவை எங்கே கிடைக்கும்?

அன்புடன்,
ஒரு வாசகி, குரோம்பேட்டை

*

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் களைப்பு எனக்குத் தெரியும். காலை ஒன்பது மணிக்குக் கிண்டியைத் தாண்டும் பெண்கள் பெட்டியில், ஒரு கையில் கம்பியும் மறு கையில் பையுமாக நிற்பவளிடம் பயணத்தை ரசிக்கச் சொல்வது நியாயமாகாது. நெரிசலை இன்பம் என்று நான் சொல்லப்போவதில்லை. மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடிய நாளிலிருந்து, அதாவது 2004-க்கு முன்பிருந்தே, தாம்பரம் – கடற்கரை தடத்தில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவள் என்ற முறையில், அந்த நெரிசலுக்கு நடுவில் எனக்குக் கிடைத்தவற்றைச் சொல்கிறேன்.

அதே நிலையங்கள், அதே முகங்கள் என்று நீங்கள் குறைப்பட்டுக்கொண்ட இடத்தில்தான் அவை எல்லாமே கிடைத்தன. சானடோரியம் என்ற பெயர்ப்பலகையைப் பல ஆண்டுகள் நான் வெறுமனே கடந்துபோயிருக்கிறேன். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியதால் வந்த பெயர் அது என்று, பக்கத்தில் நின்றுகொண்டு வந்த ஒரு மூத்த செவிலியர் ஒருநாள் சொன்னார். 1931 முதல் மின்சார வண்டிகள் ஓடும் தடம் இது. இருமல் அடங்கி, உடம்பு தேறி, வீட்டு நினைப்போடு எத்தனையோ பேர் இந்த வழியாகத் திரும்பிப் போயிருப்பார்கள் என்ற எண்ணம் அன்றிலிருந்து அந்த நிலையத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் எனக்கு வந்துபோகிறது. உங்கள் குரோம்பேட்டைக்கும் அங்கே இருந்த குரோம் தோல் ஆலையால் வந்த பெயர்தான்.

முகங்களுக்கு வருகிறேன். பல்லாவரத்தில் ஓர் அம்மா ஏறுவார். கதவுக்கு எதிர்ப்பக்கம் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, மடியில் ஈரத்துணியை விரித்து, அதில் குண்டுமல்லி மொட்டுகளைக் கொட்டிக்கொள்வார். இரண்டு மொட்டுகளை இந்தப் பக்கமும் இரண்டை அந்தப் பக்கமும் காம்போடு காம்பு சேர்த்து வைத்து, வாழைநாரைச் சுற்றி, கட்டைவிரலால் ஒரு சுண்டு சுண்டினால் முடிச்சு விழுந்துவிடும். அவர் பார்வை மடியில் இருக்காது. ஏறுகிறவர்களின் முகத்தில் இருக்கும். வண்டி குலுங்கினாலும், யாராவது அவரைத் தாண்டிப் போனாலும், அந்த விரல்கள் தடுமாறி நான் பார்த்ததில்லை. பரங்கிமலையில் முழங்கை நீளம் இருக்கும் சரம் மாம்பலம் வருவதற்குள் சுருளாகச் சுற்றிவைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும். இடையில் கேட்பவர்களுக்குத் தன் கையால் முழம் போட்டு அறுத்துக் கொடுப்பார். அறுப்பதற்கு முன் இரண்டு கண்ணி கூடுதலாக விடுவது அவர் வழக்கம். ஒருமுறை காய்ச்சலில் நான்கு நாட்கள் நான் போகவில்லை. ஐந்தாம் நாள் ஏறியதும், "என்னம்மா, உடம்பு சரியில்லையா, முகம் வாடியிருக்கே?" என்று கேட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அன்று முழுவதும் அந்தக் கேள்வி எனக்குத் தெம்பாக இருந்தது. எட்டு மாதங்களில் உங்களையும் யாரோ ஒருவர் கவனித்து வைத்திருப்பார் என்று நம்புகிறேன். நாளை ஏறும்போது நீங்களே முதலில் சிரித்துப் பாருங்கள்.

பாடம் கேட்பதில் தவறில்லை. உங்கள் வயதில் மேற்படிப்புக்கும் பதவி உயர்வுக்கும் அது உதவும் என்றால் அவசியம் கேளுங்கள். ஆனால் போக வர இரண்டு வேளையையும் அதற்கே எழுதிவைத்துவிடாதீர்கள். நாள் முழுக்க அலுவலகத்துக்கு உழைத்த மனதுக்குத் திரும்பும் வண்டியிலாவது வேலை எதுவும் இல்லாமல் இருக்கட்டும்.

மாலையில் நீங்கள் ஏறும்போது முடிந்தால் வலப்பக்க ஜன்னலோரம் நகர்ந்து நில்லுங்கள். படிக்கட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம். சைதாப்பேட்டையை விட்டதும் வண்டி அடையாற்றைக் கடக்கும். பாலத்தில் ஏறியவுடன் சக்கரங்களின் ஓசை மாறும், அதுவரை சுவர்களையும் முதுகுகளையும் பார்த்துவந்த கண்ணுக்கு மேற்கு வானம் முழுதாகத் திறந்து கிடக்கும். நீர் கறுத்துத்தான் இருக்கிறது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. இருந்தாலும் அந்த நேரத்து வெயில் அதன் மேல் சாய்ந்து விழும்போது பெட்டியில் பேச்சு சற்றுக் குறைவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். சில நொடிகளில் கிண்டி வந்துவிடும். அதற்குள் இன்னொன்றும் உங்களுக்குத் தெரியவரும்: காலையில் அந்த அம்மாவிடம் மொட்டாக வாங்கித் தலையில் வைத்தவை எல்லாம் அந்த வேளைக்குத்தான் மலர்ந்திருக்கும், பெட்டி முழுக்க மல்லிகை மணக்கும்.