சம்பா கோதுமையா, சாதாக் கோதுமையா?

கேள்வி: மளிகைக் கடையில் சம்பா கோதுமை என்று 2 கிலோ வாங்கினேன். 'சாதாக் கோதுமைக்குப் பேரை மாத்தி விலையை ஏத்திட்டான்' என்கிறார் வீட்டுக்காரர். மணியைப் பார்த்தே சொல்ல முடியுமா, டி.என்.ஏ. சோதனைதான் வழியா?
– வாசகி, தென்காசி

பதில்: விதைப் பரிசோதனைக் கூடத்தில் லென்ஸும் இடுக்கியுமாக முப்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். அதனால் முதலில் கண்ணைத்தான் நம்புவேன். வெள்ளைத் தாளில் இருபது மணியைப் பரப்புங்கள். சாதாக் கோதுமை, அதாவது சப்பாத்திக் கோதுமை, குட்டை, குண்டு. சம்பா ஒல்லி, செம்பழுப்பு நிறம், லேசாகக் கூன் போட்ட முதுகு, கூம்பிய முனைகள்.

அடுத்த தடயம் உமி. சாதாக் கோதுமையை அடித்தால் மணி தனியே உதிரும். சம்பா, நெல் மாதிரி உமியோடுதான் வரும். மில்லில் குத்தும்போது ஒன்றிரண்டு தப்பிவிடும். புடைக்கிறபோது உமி மூடிய மணி கிடைத்தால், அது கடைக்காரருக்குச் சாதகமான சாட்சி.

ஆனால் டூரம் என்று இன்னொரு கோதுமை இருக்கிறது, ரவைக்கும் பாஸ்தாவுக்கும் போவது. அதுவும் நீளம், அதுவும் கெட்டி. குத்தி முனை தேய்ந்த சம்பாவை டூரம் என்று எழுதிக்கொடுத்து, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான் இதை எழுதுகிறேன்.

டி.என்.ஏ.வுக்கு வருகிறேன். சப்பாத்திக் கோதுமையில் 42 குரோமோசோம்கள்: ஏ, பி, டி என்று மூன்று தொகுதி. சம்பாவிலும் டூரத்திலும் 28தான். டி தொகுதியே கிடையாது. ஆகவே டி தொகுதிக்கான மார்க்கர் (அடையாளம் காட்டும் டி.என்.ஏ. துண்டு) தென்பட்டால் சாதாக் கோதுமை கலந்திருக்கிறது என்று பொருள். தென்படாவிட்டால் மட்டும் சம்பா என்று ஆகிவிடாது, டூரமாகவும் இருக்கலாம். அந்த இரண்டையும் பிரிக்க, 5ஏ குரோமோசோமில் இருக்கும் 'க்யூ' ஜீனைப் பார்க்க வேண்டும். மணி உமியை விட்டு உதிர்வதில் பெரும்பங்கு அதற்குத்தான். யாராவது 'டி.என்.ஏ. பார்த்தாச்சு' என்றால், எந்த மார்க்கர் என்று கேளுங்கள்!

சம்பாவிலேயே எந்த ரகம், குன்னூர் பக்கத்து வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையத்தின் எச்.டபிள்யூ. 1098ஆ, வேறா என்றால் ஒரு மார்க்கர் போதாது. மைக்ரோசாட்டிலைட் மார்க்கர்கள் (ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பகுதிகள்) பலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது விதை விற்பவருக்கு அவசியம். உப்புமா கிண்டுகிறவருக்கு அல்ல.

நீங்கள் வாங்கியது முழு மணியா, ரவையா? எழுதவில்லையே. ரவை என்றால் என் லென்ஸுக்கு வேலையில்லை. வடிவம் போனபின் டி.என்.ஏ. மாதிரியான ஆய்வகச் சோதனைகள்தான் பேசும். உலர் பாஸ்தாவை டூரத்தில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் இத்தாலியில், சாதாக் கோதுமை 3 சதவீதத்தைத் தாண்டியதா என்று பார்க்க டி தொகுதியைத்தான் தேடுகிறார்கள். முழு மணி என்றால் பத்து மணியை மட்டும் காகிதத்தில் மடித்து எனக்கு அனுப்புங்கள். உமியோடு ஒன்று இருந்தால் அதையும் சேர்த்து.