மரியோ கட்டத்தில் குத்துச்சண்டை: மியூகன் ஸ்டேஜில் கால் தரையில் பதிய என்ன செய்வது?

கேள்வி: சூப்பர் மரியோ பிரதர்ஸ் முதல் கட்டத்தை வைத்து மியூகனில் (சண்டை விளையாட்டுகளை நாமே உருவாக்க உதவும் மென்பொருள்) ஒரு ஸ்டேஜ், அதாவது சண்டைக்களம், செய்தேன். படத்தை அப்படியே எடுத்து, திரை அகலத்துக்குப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறேன். ஆனால் சண்டைக்காரர்கள் காற்றில் மிதக்கிறார்கள், குழாயை ஊடுருவி நடக்கிறார்கள். ஓரத்துக்குப் போனால் படம் முடிந்து திரை கிழிந்ததுபோல் ஆகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் குழாய். மியூகனுக்குத் தரை என்பது ஒரே ஒரு நேர்கோடு. நீங்கள் வரைந்த குழாய், செங்கல், பள்ளம் எதுவும் அதன் கண்ணில் படாது. எல்லாம் பின்னால் தொங்கும் திரைச்சீலைதான். 1999இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸில் இதே மரியோ உலகம் ஒரு ஸ்டேஜாக வருகிறது. அங்கே குழாய்க்குள் நுழையலாம், தராசுபோல் ஏறி இறங்கும் பலகைகளில் நிற்கலாம். அந்த எஞ்சின் அதற்கென்றே எழுதப்பட்டது. அதைப் பார்த்துவிட்டு மியூகனில் அதே சுகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஆகவே, நிற்கலாம் என்று ஆசை காட்டும் எதையும் சண்டை நடக்கும் தளத்தில் வைக்காதீர்கள். பள்ளங்களை மூடிவிடுங்கள். குழாயைப் பின் லேயருக்கு (பின்னணி அடுக்குக்கு) தள்ளி, அதன் அடிப்பாகத்தைப் புதரால் மறையுங்கள். கேள்விக்குறிப் பெட்டிகள் இல்லாமல் மரியோ உலகமா என்பீர்கள். வையுங்கள், ஆனால் தொலைவில், நிறம் சற்று மங்கலாக. கைக்கெட்டும் உயரத்தில் பளிச்சென்று வைத்தால் விளையாடுகிறவர் குதித்து முட்டிப் பார்ப்பார், அந்த நொடியில் அடி வாங்குவார்.

அடுத்தது அளவு. பாதி மிதப்பு இங்கிருந்துதான் வருகிறது. 1985இல் வந்த அந்த கேமின் திரை 256க்கு 240 பிக்சல். ஒரு செங்கல் 16 பிக்சல், காளான் தின்று வளர்ந்த மரியோ 32, அதாவது இரண்டு செங்கல் உயரம். மியூகனின் பழைய 320க்கு 240 திரையில் சண்டைக்காரர் ஏறக்குறைய 100 பிக்சல் இருப்பார். அவரும் இரண்டு செங்கல் உயரம் இருந்தால்தான் அந்த உலகத்து ஆளாகத் தெரிவார். அதற்குச் செங்கல் 50 பிக்சலை ஒட்டி வர வேண்டும். மூன்று மடங்கு பெரிதாக்கினால் 48, கச்சிதம். நீங்கள் திரை அகலத்துக்கு இழுத்தபோது பெருக்கம் ஒன்றேகால் ஆகிவிட்டது: செங்கல் 20 பிக்சல்தான், பக்கத்தில் நிற்பவர் ராட்சதர். போதாததற்குச் சில பிக்சல் தடித்தும் சில மெலிந்தும் கோணல்மாணலாகியிருக்கும். எப்போதும் முழு எண்ணால் பெருக்குங்கள், விளிம்பை மழுக்காத முறையில்.

மூன்று மடங்கில் முழுக் கட்டமும் திரையில் அடங்காதுதான். அடங்க வேண்டாம். ஒரு மலை, ஒரு குழாய், தொலைவில் கோட்டை போதும். பார்த்த உடனே எந்த இடம் என்று தெரிந்துவிடும்.

மீதி மிதப்பு தரைக்கோட்டில். மூலத்தில் தரை இரண்டு செங்கல் வரிசை. மும்மடங்கில் அது 96 பிக்சலைத் தின்றுவிடும், ஒரு வரிசையே போதும். அப்போது தரையின் மேல்விளிம்பு திரையின் உச்சியிலிருந்து 192ஆவது பிக்சலில் அமையும். ஸ்டேஜ் கோப்பில் இசட் ஆஃப்செட்டை (திரை உச்சியிலிருந்து தரைக்கோடு வரையுள்ள தூரம்) 195, 196 என்று வையுங்கள். பாதம் விளிம்புக்குச் சற்றே கீழே இறங்கும், நிழல் விழவும் இடம் கிடைக்கும்.

ஓரத்தில் திரை கிழிவதற்குக் காரணம் வெறும் கணக்கு. தரைப்படம் 640 பிக்சல் அகலம் என்றால் திரையின் 320ஐக் கழித்து மிச்சத்தைப் பாதியாக்குங்கள். கேமரா எல்லை இடப்பக்கம் மைனஸ் 160, வலப்பக்கம் 160. டெல்டா (கேமரா நகரும்போது லேயர் எந்த அளவு நகரும் என்ற விகிதம்) 0.5 உள்ள பின் லேயர் பாதி தூரமே நகரும், அதற்கு 480 பிக்சல் அகலம் போதும். சோதிக்கும்போது பின்னணிப் பகுதியில் டீபக் பிஜி என்ற வரியை 1 ஆக்குங்கள். படம் மூடாத இடமெல்லாம் அடர் இளஞ்சிவப்பில் காட்டிக்கொடுக்கும். முடிந்ததும் மறக்காமல் 0.

லேயர் பிரிப்பில்தான் உங்கள் கைவண்ணம் தெரியும். மூல விளையாட்டில் மேகமும் மலையும் தரையோடு ஒரே வேகத்தில் நகரும். நீங்கள் மேகத்துக்கு 0.2, மலைக்கு 0.5, தரைக்கு 1 என்று டெல்டா கொடுத்துப் பாருங்கள், தட்டையான படத்துக்கு ஆழம் வந்துவிடும். அதில் மேகமும் புதரும் நிறம் மாற்றிய ஒரே உருவம் என்பது ரசிகர்களுக்குப் பழைய செய்தி. நீங்களும் ஒரே ஸ்ப்ரைட்டை (உருவப்படத்தை) நிறத்தட்டு மாற்றிப் பயன்படுத்தலாம்.

நிறத்தில் மட்டும் மூலத்துக்கு விசுவாசமாக இருக்காதீர்கள். அந்த வெளிர்நீல வானத்தின் முன் நீல உடைக்காரர் பாதி கரைந்துபோவார். வானத்தை ஒரு படி வெளுக்கவிடுங்கள், அல்லது நிலத்தடிக் கட்டத்தின் கறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பின் முன் எல்லா உடையும் எடுப்பாக நிற்கும், அதனால் என் ஓட்டு நிலத்தடிக்கே. பின்னணியில் ஊரும் காளான் பயல்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். எதிராளியின் கையைப் பார்க்க வேண்டிய கண் அங்கே ஓடிவிடும்.

படங்கள் நிண்டெண்டோவுக்குச் சொந்தம். நண்பர்களோடு விளையாடச் செய்வது வேறு, விற்பது வேறு. வெளியே பகிரும் எண்ணம் இருந்தால் ஸ்ப்ரைட்டுகளை நீங்களே புதிதாக வரைவது நல்லது. 16 பிக்சல் செங்கல் வரைவதற்கு ஒரு மாலைப்பொழுதுகூட ஆகாது.