விழாத உதை

கேள்வி: மார்க்கெட் போன ஆக்‌ஷன் ஹீரோ வேன் டாம், தன் சொந்தப் பெயரிலேயே தன்னைக் கேவலப்படுத்திக்கொண்டு ஒரு படத்தில் நடித்தாராமே! வாய்ப்பு இல்லாதவர் மானத்தை விற்றுப் பிழைப்பதைப் போய்ப் பெரிய நடிப்பு என்கிறார்கள். நம் ஹீரோக்கள் எவ்வளவோ மேல் இல்லையா?
– வாசகர், பிடோக், சிங்கப்பூர்

பதில்: 'நடித்தாராமே' என்கிறீர்கள். அப்படியானால் படத்தைப் பார்க்கவில்லை. சரி, பார்த்தவன் சொல்கிறேன்.

2008இல் வந்த 'ஜேசிவிடி'தானே? ஜான் குளோட் வேன் டாம் என்ற பெயரின் முதலெழுத்துகள்தான் தலைப்பு. முதல் காட்சியிலேயே வெட்டு இல்லாத நீளமான சண்டை. சுட்டு, உதைத்து, ஓடி முடிக்கும்போது செட்டுச் சுவர் சரிந்து டேக் வீணாகிறது. 'எனக்கு 47 வயசு, ஒரே ஷாட்டில் இதெல்லாம் கஷ்டம்' என்று வேன் டாம் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறார். இளம் இயக்குநர் காதில்கூடப் போட்டுக்கொள்வதில்லை. அப்புறம் நீதிமன்றம். மகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கில் அவர் படங்களே அவருக்கு எதிரான சாட்சி. சொந்த ஊரான பிரஸ்ஸல்ஸுக்கு வந்து, பணம் எடுக்க அஞ்சலகத்துக்குள் போனால் அங்கே கொள்ளைக்காரர்கள். வெளியே நிற்கும் போலீஸ் இவரையே கொள்ளைக்காரர் என்று நினைத்துக்கொள்கிறது.

நம் ஆட்களின் சுய கிண்டல் எப்படி இருக்கும், உங்களுக்கே தெரியும். ஹீரோவின் நரைத்த தாடியைப் பற்றிக் கூட இருக்கும் காமெடியன் ஒரு ஜோக் அடிப்பார். தியேட்டர் சிரிக்கும். அடுத்த நிமிடம் பிஜிஎம், ஸ்லோ மோஷன், பத்துப் பேர் பறப்பார்கள். இடக்கையால் கொடுத்ததை வலக்கையால் வட்டியோடு வாங்கிக்கொள்வது இது. அதே 2008இல் 'குசேலன்' வந்தது. அதில் ரஜினி சினிமா நட்சத்திரமாகவே வந்தார், ஆனால் பாத்திரத்தின் பெயர் அசோக் குமார். பெயர் மாறியதுமே பாதி ஆபத்து போய்விட்டது.

வேன் டாம் பெயரையும் மாற்றவில்லை, வட்டியும் வாங்கவில்லை. கடைசியில் கொள்ளைக்காரன் துப்பாக்கியோடு அவரைப் பிடித்திருக்கிறான். நாம் காத்திருந்த உதை விழுகிறது, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. ஆனால் அது அவர் மனசுக்குள் ஓடும் படம். நிஜத்தில் முழங்கையால் ஓர் இடி, அவ்வளவுதான். உடனே போலீஸ் இவரையும் அமுக்குகிறது. மானத்தை விற்பவர் அந்த உதையையாவது விற்றிருக்க மாட்டாரா?

நடுவில் ஒரு காட்சி. நாற்காலியோடு மேலே எழும்பி, செட்டு விளக்குகளெல்லாம் தெரிய, கேமராவைப் பார்த்துப் பிரெஞ்சில் பேசிக்கொண்டே போகிறார். போதை, திருமணங்கள், புகழ் எல்லாம் வருகிறது. கொஞ்சம் நீளம்தான், அழுகையும் சில இடங்களில் அதிகம். ஆனாலும் நான் ரிமோட்டைத் தொடவில்லை.

என் தலைமுறைக்கு அவர் 'பிளட்ஸ்போர்ட்' நாயகன். வீடியோ கேசட்டில் பார்த்துவிட்டு, அங் மோ கியோவில் எங்கள் புளோக்குக் கீழே, இரண்டு கல் இருக்கைகளுக்கு நடுவே அவரைப்போலக் காலை விரித்துப் பார்த்தோம். ஒருவனுக்கு பேண்ட் கிழிந்தது. யாரென்று கேட்காதீர்கள்.

பிடோக்கில் நீங்கள் எந்தக் காலை விரித்தீர்களோ தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். சண்டைப் படம் என்று சொல்லி மகனைப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள், பத்தாவது நிமிடம் எழுந்து போய்விடுவான்.