ஏச்சு சபைக்கு, காசு வேறெங்கோ

கேள்வி: ஐயா, மாரி வந்தால் எங்கள் உள்வீதியில் சைக்கிள்கூட ஓடாது. பிரதேச சபையில் கேட்டால் ‘நிதி இல்லை’ என்கிறார்கள். இருக்கிற வேலையையே செய்யாதவர்களுக்கு இன்னும் அதிகாரம் கொடுக்கச் சொல்லி எழுதுகிறீர்களே, களவெடுக்கவா?
– வாசகர், தருமபுரம்

பதில்: கோபம் சரி, தம்பி. ஆனால் நான் ஒரு சபையில் வருமானப் பரிசோதகராக இருந்தவன். அதன் பெட்டிக்குள் என்ன கிடக்கும் என்று தெரியும். சந்தைக் குத்தகை, கடைகளின் உரிமக் கட்டணம், வீடு வளவுக்குக் கட்டுகிற கொஞ்சம் சோலைவரி. அதையும் ஊர் முழுக்க அறவிட முடியாது; மேம்பட்ட பகுதி என்று அறிவித்த இடங்களில் மட்டும்தான்.

காணி கைமாறும்போது கட்டுகிற முத்திரைத் தீர்வை மாகாணம் வழியாகச் சபைக்கு வரும். கொழும்பை அண்டிய சபைகளுக்கு அது நல்ல வருமானம். நம்முடைய குடியேற்றத் திட்டங்களிலோ பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்த பேமிற் காணி, அதாவது அனுமதிப்பத்திரக் காணி. நினைத்தபடி விற்க முடியாது. விற்பனை இல்லையென்றால் முத்திரைக் காசு எங்கிருந்து வரும்? அந்தப் பேமிற்றைக் கையாள்வது சபை அல்ல, பிரதேச செயலகம். அது மத்திய அரசின் கந்தோர். மாகாண சபைகள் வந்து ஐந்து வருடத்துக்குள், 1992இல், ஒரு சட்டம் போட்டு அந்தச் செயலாளர்களின் கையைப் பலப்படுத்திவிட்டார்கள். சனத்திடம் ஏச்சு வாங்க மட்டும் சபை.

களவு நடக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் தவிசாளரைச் சந்தையில் மறித்துக் கேட்கலாம். கொழும்புத் திறைசேரியில் யாரை மறிப்பீர்கள்? 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல்வரை சபைகளில் உறுப்பினர்களே இல்லை. 2018இல் கலைந்த வட மாகாண சபைக்கு அதற்குப் பிறகு தேர்தலே வைக்கவில்லை. அந்த நாட்களில் உங்கள் வீதி திறமாகவா இருந்தது?

யாழ்ப்பாண வாசகர்கள் கோபிக்கக் கூடாது, இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிகாரம் கொழும்பில் இருந்து மாகாண சபை இருக்கிற கைதடி வரை வந்து அங்கேயே குந்திவிட்டால் வன்னிக்குப் பெரிய இலாபம் இல்லை. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டபோது, சிறுபோகத்துக்கே காணாது என்று சொன்னவர்கள் குளத்தின்கீழ் வயல் செய்கிறவர்கள். எந்த வருடம் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் சண்டை பிடித்துப் பிடித்தே பங்கிட்டுப் பழகியவர்கள். கடைசியில் யாழ்ப்பாணத்துக்காகத் தாளையடிக் கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்க வேண்டி வந்தது. தண்ணீரையே பங்கிடத் தெரிந்த சனத்துக்கு வீதிக்கும் மதகுக்கும் வருகிற காசைப் பங்கிடத் தெரியாதா?

அப்புறம் உங்கள் வீதி. முதலில் அது சபையின் வீதிதானா, மாகாண வீதித் திணைக்களத்தினுடையதா என்று விசாரியுங்கள். சபையினுடையது என்றால், மார்கழியில் வரவு செலவுத் திட்டம் நிறைவேற முன்னர், கார்த்திகையிலேயே எழுதிக் கொடுங்கள். மதகு எந்த வளவுக்கு முன்னால் வேண்டும் என்பதையும் குறித்து, அயலவர்களின் கையெழுத்தோடு.