ஒரே ஒரு பாதாம் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

டென்மார்க்கில் ஹேர்னிங்கில் இருந்து எழுதுகிறேன். என் மருமகள் டேனிஷ்காரி. இந்த வருடம் நத்தார் இரவுச் சாப்பாடு, டிசம்பர் 24, எங்கள் வீட்டில். ரிசலமாங், அந்த டேனிஷ் நத்தார் அரிசி இனிப்பை, நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பாஸ்மதியில் செய்யலாமா? ஏலக்காய் சேர்க்கலாமா? செர்ரி சாஸை வீட்டில்தான் காய்ச்ச வேண்டுமா? பேரப்பிள்ளைகள் மூன்று பேர். ஒருவரும் அழக்கூடாது என்று மூன்று முழுப் பாதாம் போடலாம் என்றிருக்கிறேன். நீங்கள் ஆர்ஹூஸில் இருந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள அக்கா,

பாஸ்மதி வேண்டாம். அது உதிரி உதிரியாக நிற்கும், குழையாது. அங்கே கடையில் கஞ்சிக்கென்றே குட்டையான உருண்டை அரிசி விற்கிறார்கள், அதை வாங்குங்கள். ஒரு லிட்டர் பாலுக்கு 200 கிராம் சரியாக இருக்கும். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அப்புறம் பாலை ஊற்றி, சிறுதீயில் முக்கால் மணி நேரம். அடிப்பிடித்துவிட்டால் அந்த வாடையை எந்த க்ரீமும் மறைக்காது. பழைய ஆட்கள் பானையை மூடிக் கட்டிலில் போர்வைக்குள் வைத்துவிடுவார்கள், தன் சூட்டிலேயே வெந்துகொள்ளும். 23ஆம் தேதி இரவே நிறையச் செய்யுங்கள். அன்றைக்குச் சூடாக, பட்டைத்தூள் கலந்த சர்க்கரையும் நடுவில் ஒரு கட்டி வெண்ணெயுமாகச் சாப்பிடலாம். மீதியை நன்றாகக் குளிரவைத்து, மறுநாள் வெனிலா, தோலுரித்து நறுக்கிய பாதாம், அடித்த க்ரீம் எல்லாம் சேருங்கள். சூடு இருந்தால் க்ரீம் உருகிவிடும். ஏலக்காயை உங்கள் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மூன்று பாதாம். உங்கள்மேல் கோபமாக வருகிறது, அக்கா.

இதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிண்ணம் முழுக்க நறுக்கிய பாதாம் இருக்கும், முழுசாக ஒன்றே ஒன்று. அது யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு. பெரும்பாலும் மார்சிபனில், அதாவது பாதாமும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த மாவில், செய்த பன்றிக்குட்டி. கிடைத்தவர் உடனே சொல்லக்கூடாது. கன்னத்தில் அடக்கிக்கொண்டு சாப்பிடுவதுபோல நடிக்க வேண்டும். மற்றவர்கள் தேடித் தேடித் தின்றுகொண்டே இருப்பார்கள். வாத்து, பன்றி வறுவல், சர்க்கரைப் பாகில் புரட்டிய உருளைக்கிழங்கு என்று அத்தனையும் உள்ளே போன பிறகு, கடைசி கரண்டி வரைக்கும்!

நான் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு தாத்தா. மகா கள்ளர். ஒரு நத்தாருக்குப் பாதாம் அவருக்குத்தான் விழுந்தது. அதை அடக்கிக்கொண்டு நிதானமாகப் பனியைப் பற்றிப் பேசினார், "இன்னொரு கரண்டி போடு" என்று கிண்ணத்தை நீட்டினார். பேத்தி மூச்சுமுட்டத் தின்றாள். கிண்ணம் காலியானதும் நாக்கை நீட்டிக் காட்டினார். அவள் அழுதாள், அவரை அடித்தாள், அப்புறம் அவர் மடியிலேயே ஏறி உட்கார்ந்து பன்றிக்குட்டியின் காதைக் கடித்துத் தின்றாள்.

அடுத்த வருடம் அவளுடைய அம்மா உங்களைப்போலவே யோசித்தார். ஒவ்வொரு பிள்ளையின் தட்டிலும் ரகசியமாக ஒன்று. மூன்று பேரும் அடுத்தடுத்து "எனக்கு!" என்று கத்தினார்கள். சின்னவர்கள் குதித்தார்கள். பேத்தி ஒருகணம் அம்மாவைப் பார்த்தாள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். தாத்தா என்ன சொல்லியும் தொடவில்லை. பாதிக் கிண்ணம் மிஞ்சியது.

பல டேனிஷ் வீடுகளிலும் இந்தத் திருட்டுவேலை நடக்கிறது, தெரியும். நடக்கட்டும். இப்போது ஓட்டப்பந்தயத்தில் ஓடிய எல்லோருக்கும் பதக்கம் கொடுக்கிறார்கள், கடைசியாக வந்த பையன் அதைப் பையில் திணித்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடக்கிறான். போன வாரம் பார்த்தேன், அதிலிருந்து இதே நினைப்பு. தோற்ற பிள்ளைக்குத் தான் தோற்றது தெரியும். நாம் அதை மறைக்கிறோம் என்பதும் தெரியும். அழட்டுமே, அக்கா! அழுகிற பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொள்ளத்தானே அப்பம்மா இருக்கிறீர்கள்? அந்த வேலையையும் ஒரு பாதாமிடம் கொடுத்துவிடுவீர்களா?

நறுக்கும்போது கவனம், முழுசாக இன்னொன்று தப்பி விழுந்துவிடக்கூடாது. உங்களுக்கே கிடைத்தால், தயவுசெய்து, பேரனுக்காகத் துப்பிக் கொடுக்காதீர்கள்.

செர்ரி சாஸ் கடையில் வாங்கியதே போதும். சூடாக்கி ஊற்றுங்கள். அங்கே பல வீடுகளில் அப்படித்தான், உங்கள் மருமகளின் அம்மா வேறு மாதிரிச் சொன்னாலும்.