விமர்சகர்களின் காது தாளத்துக்குப் போவதில்லை

கேள்வி: பிரபல இசைக்குழுக்களைப் பற்றியும் இசை விமர்சனத்தைப் பற்றியும் மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாத உங்கள் கருத்து என்ன?

பீட்டில்ஸ் குழுவில் முதலில் காது கொடுக்க வேண்டிய ஆள் டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார். பாட்டெழுதிப் பாடிய லெனனும் மெக்கார்ட்னியும் அதற்கு அப்புறம்தான். இலங்கை மலையகத்து ஹட்டனில் என் நண்பர்களிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பரவாயில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

ரிங்கோ இடக்கைக்காரர். ஆனால் வலக்கைக்காரர்களுக்கு அடுக்குகிற மாதிரி அடுக்கிய டிரம்ஸில்தான் வாசித்தார். அதனால் பாட்டின் நடுவில் அவர் உருட்டி அடிக்கும்போது, மற்றவர்கள் கை எங்கே ஆரம்பிக்குமோ அங்கே அவர் கை ஆரம்பிக்காது. 1966இல் வந்த ‘ரெய்ன்’ பாட்டை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், இது தெளிவாகத் தெரியும். 1969இல் வந்த ‘கம் டுகெதர்’ பாட்டில் டிரம்ஸ் மேல் துணி போட்டு அடித்திருக்கிறார். ஓசை பரவாமல் அடங்கி, கனமாக விழுகிறது. அந்த ஆரம்ப அடியை எடுத்துவிட்டால் பாட்டில் பாதி போய்விடும். ‘பீட்டில்ஸுக்குள்ளேயேகூட ரிங்கோ சிறந்த டிரம்மர் இல்லை’ என்று லெனன் சொன்னதாக ஒரு கிண்டல் ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. ஆனாலும் அதைத்தான் ஆளாளுக்குத் திருப்பிச் சொல்கிறார்கள்.

ஏன் இப்படி? வரிகளைப் பற்றி எழுதுவது லேசு. இரண்டு வரியை எடுத்துப் போட்டு, அர்த்தம் சொல்லி, பாடியவரின் வாழ்க்கையோடு முடிச்சுப் போட்டால் விமர்சனம் தயார். தாளத்தை எழுத வேண்டுமென்றால் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். கேட்டதைச் சொல்லச் சொல் தேட வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் நட்சத்திரமும் புள்ளியும் போட்டுக் கொடுக்கிறார்கள். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில், 2003இல் முதலிடம் பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்துக்கு. 2020இல் அதே ஆல்பம் 24ஆம் இடத்தில். ஆல்பத்தில் ஒரு சத்தம்கூட மாறவில்லை. ரசனை மாறட்டும், அது இயல்பு. ஆனால் இந்த எண்களை நம்பி ஒரு பிள்ளை எதைக் கேட்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

இதைவிட மோசமாக நடந்தது இங்கிலாந்தின் பிளாக் சபத் என்ற ராக் குழுவுக்கு. கிட்டார் வாசித்த டோனி அயோமி பர்மிங்ஹாமில் தகரத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அவரும் இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவைதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகளைப் போட்டுக்கொண்டார், பிற்பாடு சுருதியையும் இறக்கினார். உலகமே பின்னால் காப்பியடித்த அந்தக் கனத்த ஓசைக்குப் பின்னால் இருப்பது அடிபட்ட ஒரு தொழிலாளியின் கை. 1970இல் முதல் ஆல்பம் வந்தபோது ரோலிங் ஸ்டோன் அதைக் கிழித்துத் தொங்கப் போட்டது. தேயிலைத் தொழிற்சாலையின் ரோலர் இரைச்சலுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்கு அந்த இசையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். பைலா என்கிற ஆட்டப் பாட்டை இன்றுவரை குடிகாரர் பாட்டு என்று தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏ.ஈ. மனோகரனின் பொப் பாட்டுகளையும் கலியாண வீட்டுக் கூத்து என்பதோடு முடித்துவிடுகிறார்கள். பைலா பாடிய ஜிப்சீஸ் குழுவின் சுனில் பெரேரா 2021இல் காலமானபோது நான் வாசித்த அஞ்சலிகள் எல்லாம் அவருடைய அரசியல் பேச்சைப் பற்றியும் நையாண்டி வரிகளைப் பற்றியும்தான். அவர் துணிச்சலானவர், அது உண்மை. ஆனால் அத்தனை வருடம் நாட்டையே ஆட வைத்த அந்தத் தாளக் கட்டைப் பற்றி ஒரு பத்தி எழுத ஆள் இல்லையா?

தோட்டத்துத் திருவிழாவில் இது இன்னும் நன்றாகத் தெரியும். தலவாக்கலைப் பக்கம் பனி இறங்கினால் தப்பு என்கிற பறையின் தோல் ஈரம் பிடித்துத் தளர்ந்துவிடும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் கடதாசியும் சருகும் போட்டு நெருப்பு மூட்டி, தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். விரலால் ஒரு சுண்டு, காதருகே வைத்துக் கேட்பது, மறுபடியும் நெருப்பு. “தோல் இன்னும் குளிரா இருக்கு தம்பி, கொஞ்சம் பொறு” என்பார் பெரியவர். அப்புறம் ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சி, மறு கையில் மெல்லிய நீளக் குச்சி. சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு வேறு அடி, சாவுக்கு வேறு அடி. தூரத்து லயத்தில் இருப்பவர்களுக்கு அடியைக் கேட்டே என்ன விசேஷம் என்று தெரிந்துவிடும்.

இரவு மேடையில் காசு கொடுத்து அழைத்த இசைக்குழு சினிமாப் பாட்டு வாசிக்கும். அறிவிப்பாளர் “அப்படியே ஒரிஜினல் மாதிரி!” என்று புகழ்வார். மறுநாள் பேஸ்புக்கில் அந்தக் குழுவின் பெயரும் பாடகர் பெயரும் இருக்கும். தப்படித்தவரின் பெயர் இருக்காது. இதற்குக் காரணம் வெறும் மறதி இல்லை. தப்பைத் தொடுவது தாழ்ந்த வேலை என்று ஒதுக்கி வைத்த சாதிப் புத்திதான் காரணம். அதைச் சொல்லாமல் மலையகத்தில் இசை விமர்சனம் எழுத முடியாது என்பது என் உறுதியான கருத்து. ‘ஒரிஜினல் மாதிரி’ என்ற பாராட்டும் நம் குழுக்களைக் கெடுத்துவிட்டது. நன்றாக வாசிக்கிற பையன்கள் சொந்தமாக ஒன்று செய்யவே பயப்படுகிறார்கள்.

அப்படியானால் வரிகள் முக்கியம் இல்லையா என்று கேட்பீர்கள். முக்கியம்தான். தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை தோட்டத் தொழிலாளர்களின் கூட்டங்களில் அரசியலைப் பாட்டாகவே பாடினார். அந்தப் பாட்டுகள் 1940இல் புத்தகமாகவும் வந்தன. சனம் ஏற்கெனவே முணுமுணுத்த மெட்டுகளில் அவர் பாடியதால்தான் படிக்கத் தெரியாதவர்களிடமும் அவை போய்ச் சேர்ந்தன. இன்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வரிகளைப் பக்கம் பக்கமாக எடுத்துப் போடுகிறார்கள். எந்த மெட்டு, எந்த நடை என்று எழுதுவதில்லை. பழைய மெட்டுகளும் தப்படிகளும் தெரிந்த பெரியவர்கள் இன்னும் தோட்டங்களில் இருக்கிறார்கள். கையில் போன் இருக்கிற யாராவது போய்ப் பதிவு செய்யுங்கள், பாடியவர், அடித்தவர் பெயரோடு.